ஆறு நாளில் எடுத்த கௌபாய் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மேற்கில் நடக்கும் இந்தக் கௌபாய் படங்களைப் பி‑வெஸ்டர்ன் என்கிறார்களே, ‘பி’ என்றால் இரண்டாந்தரம் என்று பொருளா?

இல்லை. 1930களின் பொருளாதார முடக்கத்தில் அமெரிக்கத் தியேட்டர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டத் தொடங்கின. பெரிய படம் ‘ஏ’. அதோடு சேர்ந்து வந்த சிறிய படம் ‘பி’. ஏ படத்துக்குத் தியேட்டர்காரர் வசூலில் பங்கு கொடுப்பார். பி படத்துக்குப் பேசி முடித்த வாடகை மட்டும்தான். கூட்டம் அலைமோதினாலும் அந்த வாடகைக்கு மேல் ஒரு காசு வராது. வரவு இவ்வளவுதான் என்று முதலிலேயே தெரிந்துவிடுவதால், தயாரிப்பாளர் லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பது. இந்தப் படங்களில் உங்களுக்கு விசித்திரமாகத் தெரியும் பலவற்றுக்கும் இதுதான் காரணம்.

நீளம் பெரும்பாலும் 55 முதல் 65 நிமிடம். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம். ஆக 5 அல்லது 6 ரீலில் கதை முடிந்தாக வேண்டும்.

இவற்றை எடுத்தவர்கள் யார்?

மோனோகிராம், ரிபப்ளிக், பி.ஆர்.சி. போன்ற சிறு நிறுவனங்கள். இப்படிப்பட்ட சிறு நிறுவனங்கள் பல ஹாலிவுட்டின் கோவர் தெருப் பக்கம் இருந்தன. மொத்தக் கூட்டத்துக்கும் ‘பாவர்ட்டி ரோ’, அதாவது வறுமைத் தெரு, என்று பெயர். சன்செட் சாலையும் கோவர் தெருவும் சந்திக்கும் முனையில் தொப்பியும் பூட்ஸுமாகக் கௌபாய்கள் அன்றாட வேலைக்குக் காத்திருப்பார்கள். அவர்களில் பலர் நிஜமாகவே பண்ணைகளில் வேலை பார்த்தவர்கள். குதிரை ஏறும் காட்சிகள் இத்தனை குறைந்த செலவிலும் அத்தனை சுத்தமாக இருப்பது அதனால்தான்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 1933 முதல் 1935 வரை ஜான் வெய்ன் நடித்து, பால் மால்வர்ன் தயாரித்து, மோனோகிராம் வெளியிட்ட லோன் ஸ்டார் படங்களிலிருந்து தொடங்கலாம். மொத்தம் 16. பெரும்பாலானவற்றை இயக்கியவர் ராபர்ட் பிராட்பரி. ஒளிப்பதிவு ஆர்ச்சி ஸ்டவுட்.

ஒரு படத்தை ஆறு நாளில் எப்படி முடித்தார்கள்?

லோன் ஸ்டார் படம் ஒன்றின் செலவு 10,000 முதல் 15,000 டாலர் வரை. படப்பிடிப்பு ஐந்தாறு நாள். 60 பக்கத் திரைக்கதையை 6 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 10 பக்கம். இதைச் சாத்தியமாக்கிய முறைகளைத் தெரிந்துகொண்டால் படம் பார்ப்பதே வேறு அனுபவமாகிவிடும்.

முதலாவது வெளிச்சம். வெளிப்புறக் காட்சிகளுக்கு விளக்கே கிடையாது. வெள்ளித்தகடு ஒட்டிய பெரிய பலகைகளால் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிப்பார்கள். நடிகர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினால், எதிரே அந்தப் பலகை இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது இடம். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து காரில் போய்வரும் தூரத்துக்குள்ளேயே ‘அரிசோனா’வும் ‘டெக்சாஸ்’ஸும் கிடைத்தன. சாட்ஸ்வொர்த் அருகே ஐவர்சன் பண்ணை, பிளசெரிட்டா பள்ளத்தாக்கில் மோனோகிராம் பண்ணை, பிரான்சன் குகைகள். தூரம் என்றாலும் லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா குன்றுகளுக்கும் போனார்கள். உருண்டைப் பாறைகளுக்குப் பின்னால் பனிமூடிய மலை தெரிந்தால் அது லோன் பைன். நாலைந்து படம் பார்த்தவுடன் ஒரே பாறையை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

மூன்றாவது ஒலி. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவி ஒரு வண்டி நிறைய இருக்கும். அதை இறக்கி ஏற்றவே நேரம் போய்விடும். ஆகவே பேச்சுள்ள காட்சிகளை ஓரிடத்தில் குவித்து எடுத்துவிட்டு, துரத்தல்களை ஒலியில்லாமல் எடுத்துக் குளம்போசையைப் பிறகு சேர்த்தார்கள். ஒலி வேண்டாம் என்றால் கேமராவின் வேகத்தையும் மாற்றலாம். நொடிக்கு 24 சட்டகத்துக்கு (ஃபிரேம்) பதில் 20 சட்டகம் எடுத்து, 24இல் ஓட்டினால் குதிரை ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பறக்கும். இன்னும் குறைத்தால் குதிரையின் கால்கள் தந்தியடிப்பது போல் ஆகிவிடும். அவசரத்தில் எடுத்த படங்களில் அந்தக் குறையைக் காணலாம்.

நான்காவது பழைய பிலிம். மந்தை மிரண்டு ஓடுவது, நூறு பேர் குதிரையில் வருவது இதெல்லாம் பெரும்பாலும் வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டியது. 1932–33இல் வார்னர் நிறுவனம் ஜான் வெய்னை வைத்து எடுத்த 6 வெஸ்டர்ன்களில் கென் மேனார்டின் மௌனப் படக் காட்சிகளை அப்படியே பயன்படுத்தினார்கள். மேனார்டின் குதிரை வெள்ளை என்பதால் வெய்னுக்கும் வெள்ளைக் குதிரை. தூரக் காட்சியில் போவது மேனார்ட், கிட்டே வந்து இறங்குவது வெய்ன். சட்டையும் தொப்பியும்கூடப் பழைய காட்சிக்குப் பொருந்த வேண்டும்.

குத்துச்சண்டை நிஜமாக அடிப்பது போலவே இருக்கிறதே?

அதற்கு முன் நடிகர்கள் ஒருவர் தோளில் ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள்; பார்த்தாலே தெரிந்துவிடும். வெய்ன், ஸ்டண்ட் கலைஞர் யகீமா கனட், இயக்குநர் பிராட்பரி மூவரும் சேர்ந்து வேறு வழியைப் பிடித்தார்கள். அடிவாங்குகிறவரின் தோளுக்குப் பின்னால் கேமரா. முஷ்டி முகத்துக்கு முன்னால் சில அங்குலம் தள்ளிக் கடக்கும். அதே நொடியில் தலை திரும்பும். கேமராவுக்கு ஆழம் தெரியாததால் குத்து விழுந்தது போலவே இருக்கும். கேமரா பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். இன்றைக்கும் உலகெங்கும் சினிமாச் சண்டை இந்த அடிப்படையில்தான் எடுக்கப்படுகிறது. ரோடியோ என்ற குதிரை, காளை அடக்கும் போட்டிகளில் சாம்பியனாக இருந்து வந்த கனட்டுக்கு 1967இல் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

குதிரை தலைகுப்புற விழும் காட்சிகளில் குதிரைக்கு என்ன ஆனது?

பல குதிரைகள் செத்தன. ‘ரன்னிங் டபிள்யூ’ என்ற முறை அது. குதிரையின் முன்னங்கால்களில் கம்பியைக் கட்டி, வயிற்றுவாரில் உள்ள வளையத்தின் வழியே கொண்டுபோய், மறுமுனையை மண்ணில் புதைத்த கட்டையில் மாட்டுவார்கள். குதிரை முழு வேகத்தில் ஓடும். கம்பியின் நீளம் முடிந்த இடத்தில் முன்னங்கால் இரண்டும் இழுபட்டு, குட்டிக்கரணம் அடித்து விழும். மேலே இருப்பவருக்கு எங்கே விழுவோம் என்று தெரியும், தயாராக இருப்பார். குதிரைக்குத் தெரியாது. கழுத்தோ முதுகோ முறிவது அடிக்கடி நடந்தது.

1939இல் வெளிவந்த ஒரு பெரிய படத்துக்காகக் குதிரையை மலைமுகட்டிலிருந்து தண்ணீரில் விழவைத்துக் கொன்றது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1940 முதல் அமெரிக்கன் ஹ்யூமேன் என்ற விலங்கு நல அமைப்பு படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. அதன்பின் கடிவாளத்தை இழுத்தால் பக்கவாட்டில் சாயப் பழக்கிய குதிரைகளைப் பயன்படுத்தினார்கள். விழும் இடத்தைக் கொத்தி மணல் போட்டு மெத்தென்று ஆக்கினார்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: பழகிய குதிரை தோள்பக்கமாகச் சாயும், கம்பி கட்டிய குதிரையின் தலைதான் முதலில் மண்ணில் மோதும். குழந்தைகளோடு 1940க்கு முந்தைய படம் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இரவுக் காட்சியில் தரையில் கூர்மையான நிழல் விழுகிறதே?

நடுப்பகலில் எடுத்தது. லென்ஸில் சிவப்பு வடிகட்டி போட்டால் கறுப்பு வெள்ளை பிலிமில் நீல வானம் கறுத்துவிடும். வெளிச்ச அளவை இரண்டு படி குறைத்தால் நிலா வெளிச்சம் மாதிரி ஆகும். மேகம் இருந்தால் வெள்ளையாகப் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். சிவப்பு வடிகட்டியில் முகமும் வெளிறித் தெரியும்.

துப்பாக்கிகள் காலத்துக்குப் பொருந்துகின்றனவா?

பாதிதான். இடுப்பில் இருக்கும் 1873 மாடல் கோல்ட் ரிவால்வர் சரி. ரைஃபிள் பெரும்பாலும் 1892 மாடல் வின்செஸ்டர். கதை 1870களில் நடந்தாலும் அதுதான் கையில் இருக்கும். தொடைவரை தொங்கும் துப்பாக்கி உறை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. நிஜக் கௌபாய் உறையை இடுப்பு உயரத்திலேயே கட்டினார், இல்லாவிட்டால் குதிரையில் போகும்போது துப்பாக்கி நழுவி விழும். ஆறு குண்டு போகிற ரிவால்வரில் விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போட்டார்கள். குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியல் காலி அறைமேல் இருக்க வேண்டும். குண்டுமேல் இருந்தால் கீழே விழுந்தாலே வெடித்துவிடும்.

படப்பிடிப்பில் பயன்பட்டது ‘ஃபைவ் இன் ஒன்’ என்ற வெற்றுத் தோட்டா. மூன்று அளவு ரிவால்வர், இரண்டு அளவு ரைஃபிள் எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டா பொருந்தும். வெற்றுத் தோட்டாவிலும் மருந்தும் அடைப்பும் வெளியே பாயும். கிட்டத்தில் கண்ணையே பறிக்கும்.

எல்லாக் கதையும் ஏன் தண்ணீர், அடமானம், பத்திரம் என்றே சுற்றுகிறது?

சுட்டுக்கொள்வதை ஓரமாக வைத்துவிட்டு, சண்டை எதற்காக என்று பாருங்கள். இந்தப் படங்களில் சரித்திரத்துக்கு மிக நெருக்கமான பகுதி அதுதான்.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் அரசு நிலத்தில் குடியேறி, வீடு கட்டி, 5 ஆண்டு பயிர் செய்தால் நிலம் அவருக்கு. இரண்டு சாட்சிகளோடு போய் நிரூபித்துப் பட்டா வாங்க வேண்டும். 5 ஆண்டு பொறுக்க முடியாதவர், 6 மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் வீதம் 200 டாலர் கட்டியும் வாங்கலாம். மழை நிறைந்த கிழக்கில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதும். மேற்கின் வறண்ட புல்வெளியில் ஒரு மாட்டுக்கே 25, 30 ஏக்கர் தேவைப்படும். 160 ஏக்கரில் ஐந்தாறு மாடுதான் நிற்கும்.

ஆனால் அந்த 160 ஏக்கர் ஓடைக்கரையில் இருந்தால் கதையே வேறு. சுற்றுப்பட்டில் வேறு தண்ணீர் இல்லையென்றால், ஓடைக்குப் பின்னால் இருக்கும் பல்லாயிரம் ஏக்கர் அரசுப் புல்லும் நடைமுறையில் ஓடைக்காரருக்கே. யாரும் அங்கே மாட்டைக் கொண்டுவந்து தாகத்தில் சாகவிட மாட்டார்கள். பெரிய பண்ணையார் ஓடைக்கரையைத் தன் ஆட்கள் பெயரில் எழுதிக்கொள்வதும், நடுவில் ஒரு குடியானவர் மாட்டிக்கொண்டால் அவரை விரட்டப் பார்ப்பதும் அதனால்தான். 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை வேலி கட்ட மரமே இல்லாத சமவெளியில் மலிவாக வேலி வந்தது. ஓடையை அடைத்தவர்களும், அந்தக் கம்பியை இரவில் அறுத்தவர்களும் என்று சண்டை முற்றியது.

லோன் ஸ்டார் வரிசையின் முதல் படமான ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ (1933) முழுக்க முழுக்கத் தண்ணீர் உரிமைச் சண்டை. அதைத் தியேட்டரில் பார்த்தவர்களில் பலர் அதே ஆண்டுகளில் வங்கிக் கடனுக்கு நிலத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த விவசாயக் குடும்பங்கள். வில்லன் கோட்டும் டையும் அணிந்த வங்கிக்காரராகவோ நில வியாபாரியாகவோ இருப்பதை அந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

மாட்டின் சூட்டுக்குறியை மாற்றித் திருடுவது நிஜத்தில் முடியுமா?

முடியும், ஆனால் படத்தில் காட்டும் அளவுக்கு எளிதல்ல. முதலில் ஒழுங்கான சூடு எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். வசந்தகாலத்தில் மந்தையை வளைத்து, ஒருவர் கயிறு வீசிக் கன்றைப் பிடித்து நெருப்பருகே இழுத்துவருவார். இருவர் கீழே சாய்த்துப் பிடிப்பார்கள். எந்தக் குறி போடுவது என்பதைத் தாய்ப்பசு தீர்மானிக்கும்: கன்று எந்தப் பசுவின் பின்னால் கத்திக்கொண்டு வருகிறதோ, அந்தப் பசுவின் குறிதான் கன்றுக்கும்.

இரும்பு செக்கச்செவேல் என்று இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் மயிர் தீப்பிடித்து, தோல் ஆழமாக வெந்து, குறி பரவிக் குழம்பிவிடும். கறுப்பாக இருந்தால் சூடு போதாது. மயிர் மட்டும் கருகி, ஆறு மாதத்தில் குறி மறைந்துவிடும். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நொடி அழுத்தி எடுத்தால், வெந்த இடம் புதுச் சேணத்தோலின் நிறத்தில் இருக்கும். ஈரமான கன்றுக்குச் சூடு போடக் கூடாது. நீராவி கிளம்பிக் குறியைக் கலைத்துவிடும்.

குறியை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வெளியிலிருந்து உள்ளாக வாசிப்பார்கள். படுத்த எழுத்து ‘லேஸி’. அடியில் வளைவு இருந்தால் ‘ராக்கிங்’. சிறகு முளைத்தால் ‘ஃப்ளையிங்’. படுக்கைக் கோடு ‘பார்’. இனி ‘லேஸி எஸ்’ என்று யாராவது சொன்னால் என்னவென்று புரியும்.

திருடர் பயன்படுத்தியது நுனி வளைந்த ஒற்றைக் கம்பி; பேனாவால் எழுதுவது போல அதைக் கொண்டு பழைய குறியோடு கோடு சேர்க்கலாம். ஆங்கில எழுத்து ‘சி’யைச் சுழித்து ‘ஓ’ ஆக்கலாம், ‘ஐ’யைக் குறுக்கே வெட்டிச் சிலுவையாக்கலாம். அழிக்க மட்டும் முடியாது. சிக்கல் அங்கேதான். பழைய கோடு ஆறித் தழும்பாகி இருக்கும், புதுக் கோடு பொருக்குத் தட்டி இருக்கும். ஒரு வருடம் ஆறிய பிறகும், மயிரை நனைத்தோ மழித்தோ பார்த்தால் தழும்பின் வித்தியாசம் தெரியும். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் மாட்டை அறுத்துத் தோலின் உட்பக்கத்தைப் பார்ப்பார்கள். முதலில் போட்ட குறி அங்கே தனியாகத் தெரியும். ஆகவே கெட்டிக்காரத் திருடர் குறியைத் தொடவே மாட்டார். இன்னும் சூடு போடாத கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவார்.

ஷெரிஃப், மார்ஷல் இருவரும் ஒன்றா?

ஷெரிஃப் மாவட்டம் முழுவதற்கும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த காவல் அதிகாரி. டவுன் மார்ஷல் ஊர் மன்றம் சம்பளத்துக்கு வைத்தவர். ஊர் எல்லையோடு சரி. யு.எஸ். மார்ஷல் ஜனாதிபதி நியமித்த மத்திய அரசு அதிகாரி. பல மாவட்டங்களில் வரி வசூலும் ஷெரிஃபின் வேலை. வசூலில் அவருக்குப் பங்கு உண்டு. பதவிக்குப் போட்டி கடுமையாக இருந்ததற்கு அது பெரிய காரணம்.

மாட்டுத் திருடனைத் தூக்கில் போடச் சட்டம் இருந்ததா?

மாட்டுத் திருட்டுக்குச் சட்டத்தில் இருந்தது பொதுவாகச் சிறைதான். மரத்தில் தொங்கவிட்டது கும்பல். படங்களில் ‘காலை வரை பொறுங்கள், நீதிபதி வரட்டும்’ என்று கதாநாயகன் வாசலில் நின்று தடுக்கும் காட்சிக்குப் பின்னால் உண்மையான இரத்தம் இருக்கிறது.

மொன்டானாவின் பானக்கில் 1864 ஜனவரியில் விஜிலன்ட்டுகள், அதாவது சட்டத்தைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்ட ஊர்க்காரர்கள், தூக்கில் போட்டது ஷெரிஃபையே: ஹென்றி பிளம்மர். விசாரணை கிடையாது. அவர் கொள்ளைக் கூட்டத்தின் தலைவர் என்பது குற்றச்சாட்டு. அது உண்மையா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

வயோமிங்கில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே பெரிய பண்ணையார்களின் சங்கம் அரசாங்கத்தையே கையில் வைத்திருந்தது. 1884இல் வந்த சட்டம் குறியில்லாத கன்றெல்லாம் சங்கத்துக்கே என்றது. 1886–87 கடுங்குளிரில் மந்தைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. நொடித்த பண்ணையார்களின் பார்வை சின்னக் குடியானவர்கள்மேல் விழுந்தது. 1889 ஜூலை 20 அன்று ஸ்வீட்வாட்டர் ஆற்றுப் பக்கம் எலன் வாட்சன் என்ற பெண்ணையும் ஜிம் அவெரெல் என்பவரையும் தூக்கில் தொங்கவிட்டார்கள். அவள் மாட்டுத் திருடி என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவளிடம் இருந்தது, பக்கத்துப் பண்ணையார் தன் மேய்ச்சலாக நினைத்த இடத்தில் முறைப்படி பதிந்த ஹோம்ஸ்டெட் நிலம். சாட்சிகள் சிலர் காணாமல் போனார்கள், சிலர் செத்தார்கள். யாருக்கும் தண்டனை இல்லை.

1892 ஏப்ரலில் பண்ணையார்களும் டெக்சாஸிலிருந்து கூலிக்கு வந்த துப்பாக்கிக்காரர்களுமாகச் சுமார் 50 பேர் தனி ரயிலில் ஜான்சன் மாவட்டத்துக்குப் புறப்பட்டார்கள். ஏப்ரல் 9 அன்று கே.சி. பண்ணையில் நேட் சாம்பியன் என்ற சின்ன மாட்டுக்காரர் இருந்த மரக்குடிசையை வளைத்தார்கள். கூட்டாளி நிக் ரே காலையிலேயே சுடப்பட்டு உயிரை விட்டார். சாம்பியன் தனியாகப் பகல் முழுக்கத் தாக்குப்பிடித்தார். இடையிடையே ஒரு சின்னக் குறிப்பேட்டில் நடப்பதை எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் வண்டியில் வைக்கோலைக் கொளுத்திக் குடிசைமேல் தள்ளினார்கள். வெளியே ஓடியவரைச் சுட்டார்கள். செய்தி பரவியதும் 200க்கு மேற்பட்ட ஊர்க்காரர்கள் திரண்டு, அந்தப் பண்ணையார் கூட்டத்தை டி.ஏ. பண்ணையில் முற்றுகையிட்டார்கள். ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் உத்தரவில் குதிரைப்படை வந்து காப்பாற்றியது கொலைகாரர்களைத்தான். கைதிகளை வைத்திருக்கும் செலவை அந்த ஏழை மாவட்டத்தால் தாங்க முடியவில்லை. 1893 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது.

பி‑வெஸ்டர்னில் 60ஆவது நிமிடத்தில் நியாயம் ஜெயிக்கிறது. அதை அந்த மக்கள் எத்தனை ஆசையோடு பார்த்திருப்பார்கள் என்பது இந்த வரலாறு தெரிந்தால் விளங்கும்.

தெரு நடுவில் எதிரெதிரே நின்று சுடுவது?

மிக அபூர்வம். 1865 ஜூலை 21 அன்று மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்டு பில் ஹிக்காக், டேவிஸ் டட் இடையே நடந்தது அப்படிப்பட்ட ஒன்று. தூரம் சுமார் 75 கெஜம். மாட்டுச்சந்தை ஊர்கள் பலவற்றில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குள் நடமாட வேண்டும் என்று விதியே இருந்தது.

பண்ணை வாழ்க்கையில் படங்கள் தவறாகக் காட்டுவது எது?

மாட்டை விரட்டுவது. நிஜத்தில் மந்தை நாளொன்றுக்கு 10 முதல் 15 மைல், மேய்ந்துகொண்டே போகும். ஓடவிட்டால் எடை குறையும், எடைதான் பணம். 2,000, 2,500 மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள், சம்பளம் மாதம் 30 முதல் 40 டாலர். ஒவ்வொருவருக்கும் மாற்றிமாற்றி ஏற எட்டுப் பத்துக் குதிரை. படத்தில் வருவது போல ஒரே குதிரையில் வாழ்நாள் முழுக்க யாரும் போகவில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஆட்களின் நிறம். கறுப்பினக் கௌபாய்கள் ஏராளம். தொழிலே மெக்சிகோவின் வக்கேரோக்கள் என்ற மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. ராஞ்ச் (பண்ணை), ரோடியோ, லாரியட் (சுருக்குக் கயிறு), சாப்ஸ் (தோல் காலுறை) எல்லாம் ஸ்பானியச் சொற்களின் வழி வந்தவை. திரையில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது சமையல்காரன் வேடமும் வில்லனின் அடியாள் வேடமும்தான். இந்தப் படங்களை நேசிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது.

தமிழ்க் கௌபாய் படங்கள் இவற்றைப் பார்த்து எடுத்தவையா?

நேரடியாக இல்லை. 1970களில் எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்தவை இத்தாலிய வெஸ்டர்ன்களின் சாயலில் வந்தவை. வறண்ட மண், பழிவாங்கல், தூரத்திலிருந்து சட்டென்று முகத்துக்குத் தாவும் கேமரா எல்லாம் அந்த வழி.

இப்போது இவற்றை இலவசமாகப் பார்ப்பது சட்டப்படி சரியா? எந்தப் பிரதியைத் தேர்ந்தெடுப்பது?

அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டு. அதன்பின் புதுப்பிக்க வேண்டும். பல சிறு நிறுவனங்கள் அதற்குள் மூடப்பட்டிருந்தன, புதுப்பிக்க ஆளில்லை. ஆகவே லோன் ஸ்டார் படங்கள் உட்படப் பல இன்று அமெரிக்காவில் யாருடைய பதிப்புரிமையும் இல்லாத பொதுச் சொத்து. ஆனால் பின்னாளில் வண்ணம் பூசிய பிரதிக்கும், சேர்த்த இசைக்கும் தனி உரிமை உண்டு. உங்கள் வீடியோவில் பயன்படுத்தும்போது கவனம் தேவை.

பிரதியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலில் நேரம். 1950களில் டி.வி.யின் ஒரு மணி நேர இடத்துக்காகப் பல படங்களை 53, 54 நிமிடமாக வெட்டினார்கள். முதலில் போவது நகைச்சுவையும் பாட்டும், பிறகு கதையின் ஒரு கண்ணி. தியேட்டரில் 60 நிமிடம் ஓடிய படத்தின் பிரதி 54 நிமிடம் இருந்தால், பத்திரம் எப்படி வில்லன் கைக்குப் போனது என்பது புரியாமலே முடியும். அடுத்தது இசை. 1930களின் முற்பாதிப் படங்களில் துரத்தலின்போது பின்னணி இசையே இருக்காது, குளம்போசையும் காற்றும்தான். மின் கீபோர்டு கேட்டால் அது 1980களில் சேர்த்தது. ஒலியைக் குறைத்துவிடாமல் வேறு பிரதி தேடுங்கள். கடைசியாகச் சட்டகம். இவை ஏறக்குறைய அகலம் 4, உயரம் 3 என்ற அளவுக்கு எடுத்தவை. டி.வி.யின் திரை அமைப்பை 4:3 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. திரை முழுக்க இழுத்துவைத்தால் குதிரையின் கால் குட்டையாகி வயிறு பருத்துவிடும்.